உப்பு மூட்டையோடு பாய்ந்த நோன்பு மாதம்

என் மச்சானின் முழங்காலைக் கெடுத்தவன் நான். சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கூடப்பிறந்த ராத்தாவைக் கட்டும் முன்பே அவன் எனக்குக் கூட்டாளி. பள்ளிவாசல்துறையில் எங்கள் கரப்பந்து அணிக்கு நான் செட்டர். நான் உயர்த்தும் பந்தை வலைக்கு மேலே பாய்ந்து அடிப்பவன் அவன். பெருநாள் கழிந்ததும் மாவட்டத் தெரிவு. அதில் எடுபட்டால் ஒரு அரசாங்க அணியில் இடமும் அதோடு வேலையும் கிடைக்கும் என்றார்கள். உப்பளத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவனுக்கு அது சின்னக் காரியமா? ராத்தா ஒவ்வொரு தொழுகையிலும் அதற்கே துஆ கேட்டாள்.

நோன்பு மாதத்தில் மற்ற அணிகள் வலையைக் கழற்றி வைத்துவிடும். எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. பின்னேரம் அஸர் தொழுததிலிருந்து நோன்பு திறக்கும் வரை கடற்கரை மணலில் அவனைப் பாயவைத்தேன். தோளில் உப்பு நிரப்பிய உரப்பை. பந்தைத் தொடவே விடவில்லை. பாய்ச்சல் உயர்ந்தால் அடி தானாக வரும் என்பது என் கண்டுபிடிப்பு. தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

நோன்பு தொடங்கி மூன்றாம் கிழமை அவன், "முழங்கால் நோகுது மச்சான். இண்டைக்கு விடுவமா?" என்றான்.

"நோன்போட இவ்வளவு பாயிற நீ, பெருநாளைக்குப் பிறகு பறப்பாய். இன்னும் இருபது பாய்," என்றேன்.

உதடு வெடித்திருந்தது. பாய்ந்தான்.

உயரம் கூடியது உண்மை. தென்னை மரத்தில் நான் கரியால் போட்ட கோட்டை அவன் விரல் ஒரு சாண் தாண்டியது. நோன்பு திறந்ததும் கஞ்சிக் கோப்பையோடு நின்று வருவோர் போவோருக்கெல்லாம் அந்தக் கோட்டைக் காட்டினேன்.

தெரிவு நடந்தது சிமெந்துத் தரையில். மணலில் எழும்ப நேரம் எடுக்கும். அதற்குப் பழகியவன் அங்கேயும் முந்தியே எழும்பினான். என் பந்து வந்து சேரும்போது அவன் இறங்கிக்கொண்டிருந்தான். முதல் அடி வலையில். இரண்டாவதும் வலையில். ஒரு மாதம் பந்தே தொடாத கை வேறென்ன செய்யும்? தெரிவாளர் பேனையை மூடினார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னும் உயரமாத் தாறன், முழுசாப் பாய்!" என்று கத்தினேன்.

முழுசாகத்தான் பாய்ந்தான். இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"முன்னமே நொந்ததா?" என்று டொக்டர் கேட்டார். மச்சான் என்னைப் பார்க்காமல், "இல்ல டொக்டர்," என்றான். அதற்காக அவன்மேல் எனக்கு இன்றும் கோபம். நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

இப்போது உப்பளத்தில் உட்கார்ந்து பை தைக்கிறான். பள்ளிவாசலில் கடைசி வரிசையில், வயதானவர்களோடு அவனுக்கும் உட்கார்ந்து தொழ ஒரு கதிரை. எல்லாரும் சுஜூதுக்கு இறங்கும்போது அவன் தலையை மட்டும் தாழ்த்துவான். தரையில் நெற்றியை வைத்தபடி நான் அதைத்தான் நினைக்கிறேன்.

போன வெள்ளி ஜும்ஆவுக்கு முந்திப் போய், அவன் வரும்போது கதிரையை எடுத்துப் போட்டேன்.

"இதையாவது நேரத்துக்குத் தந்தாய் மச்சான்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.