யோகன் அண்ணனும் ஏழாவது உருண்டையும்

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். யோகன் அண்ணனின் கெப் எங்கள் வாசலுக்குப் பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பின் கியர் விழும்போது அந்த வண்டி 'டொக்' என்று ஒரு குரல் கொடுக்கும். தேற்றாத்தீவில் வேறு எந்த வண்டிக்கும் அந்தக் குரல் கிடையாது. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, இறால் கிடந்தா கொஞ்சம் வையுங்க, மறுகா வந்து எடுக்கிறன்" என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். எட்டிப் பார்த்தேன். வண்டியிலிருந்து இறங்கியவர் எனக்குத் தெரியாத ஒருவர். கட்டியிருந்த சாரம் முழுக்க ஈரம்.

"மலர் அக்காட வீடு இதுவா?" என்று கேட்டார்.

"பக்கத்து வளவு. நீங்க ஏன் அவர்ர வண்டிய ஓடுறீங்க?"

"ஐஸ் கட்டி ஏத்திக்கொண்டு நிண்டவர் அக்கா. கொஞ்சம் இருக்கப்போறன் எண்டு இருந்தவர்தான். எழும்பல்ல."

யோகன் அண்ணனின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வெளியிடும் இந்தச் சிறு புத்தகத்தில் அவரைப் பற்றி எழுதும்படி அவர் மனைவி மலர் அக்கா கேட்டார். வெள்ளம் வந்தபோது அவர் வண்டி எத்தனை வீட்டுச் சாமானை ஏற்றி இறக்கியது என்பதும், கோயில் திருவிழாவுக்கு அவர் கொண்டுவந்து இறக்கிய தண்ணீரும் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. எட்டு நாட்களுக்கு முன்புவரை அதில் பாதி எனக்கே தெரியாது.

ஐந்து வருடங்களுக்கு முன்பு அந்த கெப் அவருக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. அது ஜப்பானிலிருந்து பழசாகி வந்த ஓட்டோ கியர் வண்டி. ஆற்று இறாலும் ஐஸும் ஏற்றி ஏறாவூருக்குப் போகும்போது கல்லடிப் பாலத்தில் ஏறினால் இயந்திரம் கத்தும், வண்டி நகராது. கியர் பெட்டி பாரம் தாங்காமல் வழுக்குகிறது என்றார்கள். வேறு வண்டி வாங்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அவுஸ்திரேலியாவில் இருக்கும் மைத்துனரிடம் சொல்லித் தடித்த தட்டுகள், இறுக்கமான சுருள்கள், எண்ணெயைக் குளிர வைக்க ஒரு தனிப் பெட்டி எல்லாம் எடுப்பித்தார். கியர் பெட்டியை வீட்டிலேயே இறக்கிப் பலப்படுத்திப் பூட்டுவது என்று முடிவு. அவர் இயந்திரம் படித்தவரல்ல. படகு இயந்திரம் கழற்றிப் பழகிய கை, அவ்வளவுதான். சாமானோடு வந்த விளக்கத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதனால் என்னைக் கூப்பிட்டார்.

"படிச்ச புள்ள பக்கத்து வளவுக்க இருக்கக்குள்ள எனக்கென்ன பயம்?" என்றார்.

"அண்ணே, நான் படிச்சது புவியியல்."

"அதுவும் ஆறு, வாய்க்கால்தானே. இதுவும் அதுதான்."

சொன்னது போலவே இருந்தது. வேப்பமரத்தில் சங்கிலி போட்டுப் பெட்டியை இறக்கி, விறாந்தையில் பாய் விரித்து, அதன்மேல் துவைத்த படுக்கை விரிப்பு விரித்துக் கிடத்தியிருந்தார். மலர் அக்கா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "கலியாணம் முடிச்சு வந்த நாளையில எனக்கு இப்பிடி ஒரு படுக்க விரிச்சிருப்பாரா, கேளுகா" என்றார். யோகன் அண்ணன் நிமிரவில்லை. "நீ வழுக்கல்லயே" என்றார்.

பெட்டியின் அடியில் ஓர் அலுமினியத் தட்டு இருந்தது. அதைப் பிரித்தால் உள்ளே புழு ஓடிய மாதிரி நூறு வாய்க்கால். "வயல் வட்டைக்குத் தண்ணி பாயிற மாதிரித்தான் புள்ள. எண்ணெய்தான் தண்ணி. இந்தா, இந்த உருண்டதான் அடைப்பு. எந்த வாய்க்காலுக்கு எப்ப விடுற எண்டு இதுதான் பாக்கும்." அவர் உள்ளங்கையில் கறுப்பு ரப்பர் உருண்டை ஒன்று இருந்தது. கடலைப் பருப்பின் அளவு. அப்படி இன்னும் சில தட்டுக்குள் கிடந்தன.

அந்தத் தட்டுக்குத் தூசி ஆகாது. கடற்காற்று மணலைக் கொண்டுவந்து விறாந்தையில் கொட்டிக்கொண்டே இருந்தது. என்ன செய்யலாம் என்று அவர் யோசிக்க, நான்தான் சொன்னேன்: "மகன்ட நுளம்பு வலையக் கொண்டு வாறன்." தூங்கும் குழந்தைமேல் கவிழ்க்கிற, குடை போல விரிந்து மடங்கும் சின்ன வலை. கரையில் மஞ்சள் வாத்துகள் போட்டிருக்கும். அதை அந்தத் தட்டின்மேல் கவிழ்த்து வைத்தோம். எல்லோரும் சிரித்தோம். யோகன் அண்ணன் ஒரு தாலாட்டும் பாடினார்.

என் மகனுக்கு அப்போது பதினான்கு மாதம். தன் வலையைத் தன் வலை என்று அறிகிற வயது.

நான் கதிரையில் உட்கார்ந்து தாளை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியின் பொருள் பிடிபடவில்லை. இரண்டு தரம், மூன்று தரம் வாசித்தேன். யோகன் அண்ணன் கிணற்றடிக்குக் கை கழுவப் போயிருந்தார். நான் தலை நிமிர்ந்தபோது மகன் வலைக்குள் இருந்தான். அவன் கைகளும் உதடும் சிவப்பாக இருந்தன. என் கத்தலுக்கு யோகன் அண்ணன் ஓடி வந்து, "ரத்தமில்ல புள்ள, கியர் எண்ணெய், கியர் எண்ணெய்" என்றார். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் உருண்டைகளைப் பொறுக்கித் தட்டத்தில் போட்டு எண்ணினார். ஆறு. தாளில் ஏழு என்று இருந்தது. சில வருடத்து வண்டிகளுக்கு ஆறுதான் என்றும் அதே தாளில் ஒரு குறிப்பு இருந்தது. அந்தப் பெட்டி எந்த வருடத்தது என்று யாருக்கும் தெரியாது. பிரித்தபோது எண்ணவும் இல்லை.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டொக்டர் ஒன்றும் தெரியவில்லை என்றார். ரப்பர் என்றேன். ரப்பர் என்றால் படத்தில் விழாது என்றார். விழுங்கியிருந்தால் தானாக வெளியே போகும், மூச்சுக் குழாய்க்குள் போயிருந்தால் இருமல், இழுப்பு ஏதாவது காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பார்த்துக்கொண்டேன். மூன்று நாட்கள் அதைத் தவிர நான் வேறு எதுவும் செய்யவில்லை. அவன் மூச்சை எண்ணினேன். கழிவைத் தண்ணீரில் கரைத்து வடித்தேன். விக்கிவிடுவானோ என்று சோறு கொடுக்கப் பயந்து பாலை மட்டும் கொடுத்தேன். கட்டாரிலிருந்து கணவர் போனில் "சும்மா இரு, ஒண்டுமில்ல" என்றார். அம்மாவும் அதையே சொன்னார். யோகன் அண்ணன் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. விறாந்தையைக் கூட்டி, மணலை அரித்து, பாயைக் கிழித்துத் தேடினார். ஒரு நாளைக்கு நான்கு தரம் வேலிக்கு அப்பால் வந்து நின்று, "ஏதும்?" என்று கேட்பார். "இல்ல" என்பேன். போய்விடுவார்.

நான்காம் நாள் காலையில் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். முகம் எல்லாம் எண்ணெய். "இந்தா புள்ள. பெட்டிக்குள்ளதான் கிடந்த. மூலைக்க ஒட்டிக்கொண்டு." கையில் ஒரு கறுப்பு உருண்டை. அதை வாங்கி முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் மணத்தது. பிறகு நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். அன்று மகனுக்குச் சோறு தீத்தினேன். நானும் சாப்பிட்டேன். பகல் முழுவதும் செத்த பிணம் போலத் தூங்கினேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவது வழக்கமாயிற்று. ஒரு பை இறாலோ நாலு மாம்பழமோ கையில் இருக்கும். "எங்க எங்கட வண்டி? என்ஜின் பாப்பம்!" என்று கூப்பிடுவார். மகன் ஓடிவந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டுவான். அவர் காது வைத்துக் கேட்பார். "ம்ம்... இழு. ம்ம்... விடு. நல்ல ஓட்டம்" என்பார். மகனுக்கு அது விளையாட்டு. எனக்கும் விளையாட்டாகத்தான் தெரிந்தது. நாட்போக்கில் கொஞ்சம் அலுப்பாகவும் இருந்தது. பிள்ளைக்குத் தடிமன், சளி என்றால் எப்போது துவங்கியது, எந்தப் பக்கம் படுக்கிறான், சத்தம் உள்ளே வரும்போதா வெளியே போகும்போதா என்று துளைப்பார். "அண்ணே, நீங்க என்னவிட மோசம்" என்றேன் ஒரு நாள். சிரித்தார். "பெட்டி பூட்டினவனுக்குச் சத்தத்திலதான் கண்" என்றார்.

ஒரு மத்தியானம் மகன் இருமிக் களைத்து அப்போதுதான் கண் அயர்ந்திருந்தான். யோகன் அண்ணன் படலையில் நின்று கூப்பிட்டார். எனக்கு எழும்ப மனமில்லை. "நித்திர அண்ணே, பிறகு வாங்க" என்று உள்ளே இருந்தே சொன்னேன். சரி என்றார். சற்றுப் பொறுத்துத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். அவர் போகவில்லை. உச்சி வெயிலில், சன்னலிலிருந்து நாலடி தள்ளி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சல் வந்தது. திரையைச் சத்தம் வரும்படி இழுத்து மூடினேன். இந்த எட்டு நாட்களாக அந்தத் திரையை என்னால் மூட முடியவில்லை.

மகனுக்கு இரண்டரை வயதில் நெஞ்சுச் சளி பிடித்து ஆஸ்பத்திரி வாட்டில் நின்றோம். எதையாவது விழுங்கினானா என்று டொக்டர் கேட்டார். "இல்ல" என்று உறுதியாகச் சொன்னேன். அன்று பின்னேரம் யோகன் அண்ணன் பார்க்க வந்தார். வராந்தாவில் டொக்டரை மறித்து வெகுநேரம் கதைத்தார். இவருக்கு ஏன் இந்த வேலை என்று நினைத்தேன். டொக்டர் திரும்பி வந்து மகனின் நெஞ்சை இரண்டு பக்கமும் மாறி மாறி மறுபடி கேட்டார். மூச்சை வெளியே விட்ட நிலையில் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது என்றார்கள். யோகன் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றார். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

எட்டு நாட்களுக்கு முன்பு, எதை எழுதுவது என்று கேட்க மலர் அக்காவிடம் போனேன். அவர் பாயில் கால் நீட்டி இருந்தார்.

"உருண்டக் கதைய எழுதன்கா. அவர் சொன்ன பொய்யையும் எழுது. இனி என்ன."

"என்ன பொய்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியும் எண்டெல்லோ நான் இருந்தன்."

யோகன் அண்ணன் அந்த மூன்று நாளும் பெட்டியை அடி நுனி வரை பிரித்துத் தேடியிருக்கிறார். ஏழாவது கிடைக்கவில்லை. நான்காம் நாள் விடியவே ஏறாவூருக்குப் போய், பழைய வாகனம் உடைக்கிற முஸ்லிம் காக்கா ஒருவரிடம் வேறொரு செத்த பெட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வந்திருக்கிறார்.

"நான் ஏசினன்கா. பெத்தவளுக்குப் பொய் சொல்லலாமா எண்டு. 'அவளப் பாத்தியா மலர், இன்னும் ரெண்டு நாள் போனா அவளும் இல்ல, பெடியனும் இல்ல. பயம் ஆராவது ஒராள் வைச்சிருந்தாப் போதும், நான் வைச்சிருக்கன்' எண்டார். ஆஸ்பத்திரியிலயும் உனக்குச் சொல்லாம டொக்டருக்குத்தானே சொன்னவர். 'அவள் ஒருக்கா நித்திர கொண்டிற்றாள், இனி எழுப்ப ஏலா' எண்டு."

"அந்தப் படத்துக்குப் பிறகு விட்டிருப்பார்தானே அக்கா?"

"எங்க விட்ட? போன மாசமும் கேட்டார். 'பெடியன் ஓடக்குள்ள இழைக்கிறானா பாத்தியா' எண்டு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதை எழுதத்தான் வேண்டும். என் பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன இருக்கலாம் என்பதை என்னிடமிருந்து மறைக்க இவர் யார்? டொக்டர் கேட்டபோது 'இல்ல' என்று உறுதியாகச் சொன்னேனே. வராந்தாவில் அவர் நிற்காமல் இருந்திருந்தால்? ஆனால் நின்றாரே. நான் போன இடமெல்லாம் எனக்குத் தெரியாமல் எங்காவது ஒரு பக்கம் நின்றாரே. அவர் முகத்தைப் பார்த்துச் சண்டை பிடிக்கவும் வழியில்லை, காலைப் பிடிக்கவும் வழியில்லை. ஏழாவது என்று ஒன்று உண்மையில் இருந்ததா என்பது அவருக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இந்த ஐந்து வருடங்களில் நான் மகனை ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று சிரித்திருக்கிறேன். கையில் கச்சான் கடலைச் சுருளைக் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று பஸ்சுக்கு வந்தவர்களோடு கதைத்திருக்கிறேன். இருமினால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். என்னைப் போல எதற்கும் பதறுகிற ஒருத்திக்கு இதெல்லாம் எப்படி வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

மகனுக்கு இப்போது ஆறு வயது. முதலாம் வகுப்பு. ஓடுகிறான், மரம் ஏறுகிறான், ஒரு குறையும் இல்லை. பயப்பட ஒரு காரணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பயம் செத்த வீட்டில் ஆளில்லாமல் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யோகன் அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தால் வந்தவன் படியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இரண்டு தரம் இருமினான். நான் அடுப்பை அணைத்துவிட்டு மூன்றாவதுக்குக் காத்து நின்றேன். அவன் சப்பாத்தை மூலையில் எறிந்துவிட்டு விளையாட ஓடிப்போனான். மூன்றாவது வரவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.