புரொஜெக்டருக்கு நெத்தி எது?

பள்ளிக்கூடங்களுக்குப் புரொஜெக்டர் பூட்டுறவன்ரை சீவியம் பாதி ஏணியிலை, மீதி கீழை நிண்டு யோசனை சொல்லுறவையோடை. வயரோடை மாரடிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கணித வாத்தியார் மாற்றலாகிப் போய் ஒரு வருசம், பதிலுக்கு ஒருத்தரும் வரேல்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளையளின்ரை ஓ.எல். சோதினைக்கு நாலு மாதந்தான் கிடந்தது. யாழ்ப்பாணத்திலை இருந்து ஒரு சேர் நேரலையிலை படிப்பிக்க ஓமெண்டிட்டார். படம் விழுத்துறது என்ரை பொறுப்பு.

வெயிலுக்குப் படங்கு

வகுப்பு கிழக்குப் பார்த்தது. காலமை வெயில் உள்ளுக்கை வந்தால் திரையிலை ஒண்டும் தெரியாது. ஒரு பிள்ளையின்ரை தகப்பன், கமக்காரர், நெல்லுக் காயப்போடுற பெரிய படங்கைச் சைக்கிளிலை கொண்டுவந்து தானே யன்னலுக்குக் கட்டிவிட்டார். அறை கும்மிருட்டு! எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேணும் போல இருந்தது. வாசலிலை நிண்டு திரும்பிச் சொன்னார்:

“வெயில் நல்லா எறிக்கிற நாளிலை மட்டும் கழட்டித் தாங்கோ தம்பி, நெல்லுக் காயவேணும்.”

பூசை

திங்கட்கிழமை முதல் வகுப்பு. சரஸ்வதி படத்துக்கு முன்னாலை புரொஜெக்டரை வைச்சு, தேவாரம் பாடி, பூசை முடிஞ்சுது. மேலை பூட்டிச் சுவிச்சைப் போட்டால் படம் முழுக்க ஒரே மூட்டம். சேரையும் தெரியேல்லை, கணக்கையும் தெரியேல்லை. வயரை மாத்தினன், மடிக்கணினியை மாத்தினன், வேர்த்துக் கொட்டுது. கடைசியா ஏணியிலை ஏறிப் பார்த்தால், லென்சிலை வட்டமாய்ச் சந்தனம், நடுவிலை குங்குமம். வைச்சது சைவசமய ரீச்சர். அவவுக்கு என்னிலைதான் கோவம்:

“உதுக்கு நெத்தி எதெண்டு நீங்கள் முன்னமே சொல்லியிருக்கவேணும் தம்பி!”

எழும்பின பிள்ளையள்

துடைச்சன். படம் பளிச்செண்டு விழுந்தது. பிள்ளையள் எல்லாரும் எழும்பி, “வணக்கம் சேர்!” அந்த நேரம் பார்த்து இன்ரநெற் நிண்டுபோச்சு. சேர் திரையிலை வாயைத் திறந்தபடி அப்பிடியே நிக்கிறார். சேர் “இருங்கோ” எண்டு சொல்லாமல் எங்கடை பிள்ளையள் கதிரையிலை இருக்காதுகள். நான் போனைப் படங்குக்கு வெளியிலை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு சிக்னல் தேடுறன். பத்து நிமிசம் போச்சு. எனக்கு வெக்கமாய்ப் போச்சு, பாவமாயும் கிடந்தது. “இருங்கோவன் பிள்ளையள்” எண்டு கெஞ்சினன். வகுப்புத் தலைவி சொன்னாள்:

“நீங்கள் வயரைப் பாருங்கோ அண்ணை. சேர் வருவார் எண்டு ஒரு வருசம் பொறுத்தனாங்கள், பத்து நிமிசம் நிக்கமாட்டமே?”

சேர் திரும்பி வந்து “இருங்கோ” எண்ட உடனை எனக்குக் கண் கலங்கிப்போச்சு, பழியைப் புரொஜெக்டர் வெளிச்சத்திலை போட்டிட்டு ஏணியிலை ஏறியிட்டன்.