சதுரச் சுருட்டுக்கு நான் போட்ட புள்ளி

முப்பத்திரண்டு வருடமாக என் கணவரின் சுருட்டை ஏசியிருக்கிறேன். அவர் கப்பலில் வேலை செய்தவர். வல்வெட்டித்துறையில் அது ஒரு புதினம் இல்லை, வீட்டுக்கு ஒருவர் கடலோடிதான். எட்டு மாதம் கடலில் இருப்பார், இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். அந்த இரண்டு மாதமும் யன்னல் சீலையிலிருந்து நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு உடுத்துகிற சேலை வரைக்கும் சுருட்டு மணக்கும். "உந்தக் கொள்ளியை வளவுக்குள்ளை கொண்டு போங்கோ" என்பேன். சிரித்துக்கொண்டே எழும்பி முற்றத்துக்குப் போவார். எங்கள் வீட்டில் அன்பு இப்படித்தான் நடமாடியது. எனக்கு வேறு விதம் தெரியாது.

போன வருடம் தொண்டையில் புற்றுநோய் என்று அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்செல்லாம் அதன் வழியேதான். குரல் போனது. மூக்கால் காற்றுப் போகாததால் மணமும் போனது. மணம் போனபின் ருசி என்பது பேருக்குத்தான். சொல்ல வேண்டியதை ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுவார்.

ஆனியில் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் அவரை வெளியே இருத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நோய் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். "அவர் ஆசைப்படுறதைக் குடுங்கோ அம்மா." நான் வெளியே வந்து, "எல்லாம் நல்லா இருக்காம், மூண்டு மாதத்தாலை வரட்டாம்" என்று அவரிடம் சொன்னேன். முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்ற பயத்தில், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பக்கத்துச் சீற்றுக்காரியோடு யன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை பிடித்தேன். அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது.

அடுத்த கிழமை, அவரோடு கப்பலில் இருந்து இப்போது பிரான்சில் குடியிருக்கும் ஒருவர் பார்க்க வந்தார். சங்கதி தெரியாமல் வந்தவர். கையில் ஒரு மரப்பெட்டி, உள்ளே விலைகூடின சுருட்டு. கழுத்துத் துளையைக் கண்டதும் அந்த மனிதருக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

பின்னேரம் வேப்பமரத்துக்குக் கீழே இருந்து பெட்டியைத் திறந்தோம். நம்மூர்ச் சுருட்டுப்போல அவை உருண்டையாக இல்லை. பெட்டிக்குள் நெருக்கி அடுக்கி அமத்தியதில் நாலு பக்கமும் தட்டையாகி, ஓரங்கள் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தன. இலை கறுத்த மண்ணிறத்தில் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. அவர் ஒன்றை எடுத்துப் பழக்கத்தில் மூக்கடியில் பிடித்தார். பிடித்துவிட்டுக் கையை மெல்ல இறக்கினார். அவர் கொப்பியை எடுத்து, "நீர் ஒண்டைப் பத்தும். எப்பிடி இருக்கெண்டு சொல்லும்" என்று எழுதினார்.

வேறு காலமென்றால் பெட்டி வேலிக்கு அப்பால் போயிருக்கும். "ஓம், தாங்கோ. பத்துறன்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தோசத்தில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சோளகக் காற்று கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. புகை அவரிடம் போகாதபடி கடற்பக்கமாகக் கதிரையைப் போட்டு இருந்தேன். தலைப்பக்கத்தை பிளேட்டால் சீவித் தந்தார். நெருப்பை முட்டவிடாமல், மற்ற நுனியைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சிப் பற்றவைக்கக் கைச்சைகையாலேயே காட்டினார். முதல் இழுப்பிலேயே புகையை விழுங்கிவிட்டு, கண்ணீர் ஓட இருமினேன். அவர் சத்தமில்லாமல் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

அவர் எழுதினார்: "பரீட்சையிலை இப்பிடி எழுதிற பிள்ளைக்கு எத்தினை புள்ளி போடுவீர்?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நிமிர்ந்திருந்து ஒழுங்காக இழுத்தேன். "முதல் மிளகு. ரசத்திலை கூடிப்போனால் நாக்கிலை நிக்குமே, அப்பிடி." தலையாட்டினார். "பிறகு பென்சில் சீவின மணம். புதுத் தோல்பையின்ரை மணமும் இருக்கு." இன்னும் சொல்லு என்று கை காட்டினார். பாதிக்கு வந்தபோது மிளகு அடங்கிவிட்டது. "இப்ப கோப்பி. வறுத்து உடனை இடிச்ச கோப்பி. அடியிலை கொஞ்சம் பனங்கட்டி." அவர் கண்களை மூடிக்கொண்டார். என் வாயால் அவர் சுருட்டுப் பத்திக்கொண்டிருந்தார். சாம்பல் இரண்டு விரற்கட்டை நீளத்துக்கு உடையாமல் வெள்ளையாய் நின்றது. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்துப் போயிற்று. இத்தனை வருடமும் இன்னதென்று தெரியாமலே ஏசியிருக்கிறேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

கடைசியில் கசந்தது. "எழுபத்தெட்டு" என்றேன். மிச்சப் புள்ளி எங்கே என்று புருவத்தை உயர்த்தினார். "முடிவிலை கருகின கசப்பு. நெருப்பும் ஒரு பக்கமாச் சாஞ்சு எரியுது." சரி என்று தலையை அசைத்தார். ஒரு பின்னேரமாவது அவரைச் சந்தோசமாக வைத்திருந்தேன், ஒன்றும் வெளியே தெரியவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் கொப்பியை மடியில் வைத்து எழுதி என்னிடம் நீட்டினார்.

"முப்பத்திரண்டு வருசம் ஏசினீர். இண்டைக்கு நீரே பத்துறீர். டொக்டர் உம்மட்டை என்ன சொன்னவர்?"

உடனே ஏசத் தொடங்கினேன். "உந்தச் சனியனாலைதானே எல்லாம் வந்தது. எத்தினை தரம் சொன்னனான், ஒருநாளாவது கேட்டனீங்களோ? கடலிலையும் உது, கரையிலையும் உது." பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு என் குரல் ஏறிவிட்டது. சாம்பல் சேலையில் விழுந்தது. அவர் என் மற்றக் கையைப் பிடித்தபடி, நான் ஏசி முடியுமட்டும் பொறுத்திருந்தார்.

பிறகு எழுதினார்: "இப்ப சரி." அதற்குக் கீழே, "எத்தினை மாதமாம்?"

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.