மிஷினுக்குத் தைத்த சட்டை

போன வாரம் எங்கள் வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டியை மாட்ட ஒருவர் வந்தார். பேட்டரி டிரில். ஒயர் கிடையாது. நான்கு ஓட்டையையும் நிறுத்தாமல் போட்டு முடித்தார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான், என்ன நினைத்தேனோ, புறங்கையை மிஷினின் முதுகில் வைத்துப் பார்த்தேன். "சூடெல்லாம் ஆவாது சார்" என்றார், ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே. ஆகவில்லைதான். எனக்குத்தான் கை சும்மா இருப்பதில்லை.

இந்தப் பழக்கம் ஒரு பச்சைநிற டிரில்லிங் மிஷினால் வந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் கடலூரில் எங்கு பார்த்தாலும் கட்டட வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கும் அப்போது வேலை இருந்தது. மேல்பட்டாம்பாக்கத்துப் பிலவேந்திரனும் நானும் சேர்ந்து திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அந்த மிஷினை வாங்கினோம். இருந்ததிலேயே விலை குறைந்தது அதுதான். கேரண்டி உண்டா என்று நான் நான்கு முறை கேட்டிருப்பேன். கடைக்காரர் பொறுமையானவர். "இருக்கு தம்பி, எங்க கடப் படி எறங்கற வரைக்கும்" என்றார்.

பிலவேந்திரன் எனக்கு உறவில்லை. ஆனாலும் அவன் என்னை மச்சான் என்பான், நானும் அப்படித்தான். எங்களுக்குள் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. வீட்டுக்காரர்களிடம் பேசுவது அவன், கவலைப்படுவது நான். புது ஆள் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவனோ உள்ளே போன பத்தாவது நிமிஷம் அந்த வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பான்.

மலிவு மிஷினை எப்படி நெடுநாள் ஓட்டுவது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. என் பயம் சொல்லித் தந்தது. ஐந்து ஓட்டைக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது. போட்டதும் பட்டென்று நிறுத்தவும் கூடாது. அரை நிமிஷம் சும்மா ஓடவிட்டால் உள்ளே இருக்கும் காற்றாடி சூட்டை வெளியே தள்ளும். அப்புறம் சாக்கின் மேல் ஐந்து நிமிஷம் படுக்க வைக்க வேண்டும். முனை மழுங்கிய பிட்டை, அதாவது துளைபோடும் கம்பியை, வைத்து அழுத்தினால் மோட்டார் அழும். மெல்லிசு ஒயரில் நீளமாகக் கரண்ட் இழுத்தாலும் அழும். உள்ளே கார்பன் என்று விரல்நுனி அளவுக்கு இரண்டு கரித்துண்டு இருக்கும், மோட்டாருக்குக் கரண்டைக் கொண்டு சேர்ப்பது அதுதான். பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுவேன். ஒவ்வொரு ஓய்வுக்கும் முன்னால் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். "இன்னா மச்சான், புள்ளைக்கு ஜொரமா?" என்பான் பிலவேந்திரன்.

அப்படி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ஜன்னல்களுக்குத் திரைக்கம்பி மாட்டும் வேலை வந்தது. நாற்பது அறை. ஆனித் திருமஞ்சனத்துக்குக் கூட்டம் வருவதற்குள் முடித்தாக வேண்டும். எல்லா ஓட்டையும் ஜன்னலுக்கு மேலே, கான்கிரீட்டில். பஸ்ஸில் போகும்போது பிலவேந்திரன் சாதாரணமாகச் சொன்னான்: "இந்த மிஷின் போச்சின்னா நான் மஸ்கட்டுக்கே போயிடறேன் மச்சான். எங்க அண்ணன் கூப்ட்டுகிட்டேதான் இருக்காரு." விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அவன் போய்விட்டால் நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டி என்ன பேசுவேன், நீங்களே சொல்லுங்கள்.

தலைக்கு மேல் ஓட்டை போட்டால் தூள் அத்தனையும் மிஷின் மேல்தான் கொட்டும். அதன் இரண்டு பக்கமும் காற்றுப் போக வரிவரியாகத் திறப்பு இருக்கும். அதன் வழியாகத் தூள் உள்ளே போய் மோட்டாரைத் தின்றுவிடும் என்று எனக்குக் கவலை. முதல் நாள் வேலை முடிந்து ஊருக்கு வந்ததும், தையல் மிஷின் வைத்திருந்த என் அக்காவிடம் லைனிங் துணியில் ஓர் உறை தைக்கச் சொன்னேன். அளவெடுத்து, எலாஸ்டிக் எல்லாம் வைத்து அழகாகத்தான் தைத்தாள். "சட்ட ஆச்சு. பேரு எப்ப வெக்கப்போற?" என்று கேட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் மிஷின் சட்டையோடு வேலை பார்த்தது. தூள் ஒரு பொட்டு உள்ளே போகவில்லை. எனக்குப் பெருமை. வழக்கம்போல் ஐந்து ஓட்டைக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். துணிக்கு மேல் கை வைத்தால் சூடு எப்படித் தெரியும்? அது அப்போது புத்திக்கு எட்டவில்லை. மூன்றாவது மாடியில் வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தது. கீழே யாரோ கதவுக்கு ஏதோ அடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிலவேந்திரன் மிஷினோடு ஏணியிலிருந்து இறங்கி, அதன் சட்டையைப் பிடித்து இழுத்தான். எலாஸ்டிக் அறுந்தது. உள்ளே நீலமாகப் பொறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கப் போனேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்தாத. சும்மா ஓடட்டும், காத்து போவட்டும். மூச்சு முட்டிப் போயிருக்கு அதுக்கு."

மிஷினைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாதவன், அன்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். பொறி மெல்ல அடங்கியது. கார்பனைக் கழற்றிப் பார்த்தால், காலையில் போட்ட புதுசு பாதியாகியிருந்தது. வேறு ஜோடி போட்டோம். ஓடியது. ஆனால் அதற்கப்புறம் அதற்கு மூன்று ஓட்டைதான் தெம்பு. மூன்று போடு, காத்திரு, மூன்று போடு. பையோடு வந்தவர்கள் கட்டிலில் உட்கார்ந்திருக்க, கடைசி அறைக்கு மாட்டி முடித்தோம். அவர்கள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டது பிலவேந்திரனின் வாய்.

அந்தக் காத்திருப்பு பிறகு எங்களுக்குப் பழகிவிட்டது. ஏணிப்படியில் அவன், சாக்குப் பக்கத்தில் நான். சின்ன வயசில் கரும்பு உருவ நெல்லிக்குப்பம் பக்கம் லாரிக்குப் பின்னால் அவன் ஓடியது, கோயில் தேர்பவனியில் அவன் மனைவியை முதலில் பார்த்தது, எல்லாம் ஐந்து ஐந்து நிமிஷமாக எனக்குத் தெரியவந்த கதைகள். ஒரு கதை முடிய மூன்று ஜன்னலாவது ஆகும்.

நான்கு வருஷம் கழித்து அப்படி ஒரு காத்திருப்பில்தான் மஸ்கட்டுக்கு விசா வந்துவிட்டதாகச் சொன்னான். நான் புறங்கையால் மிஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மிஷின் நல்லாத்தான மச்சான் ஓடுது?"

"அதுக்கு இன்னா, அது ஓடும். பசங்கள படிக்க வெக்கணும்ல."

அது ஓடத்தான் செய்தது. 'தானே' புயலுக்குப் பிறகு பறந்துபோன கூரைகளுக்கெல்லாம் தனியாக அதை வைத்துத்தான் ஓட்டை போட்டேன். வீட்டுக்காரர்களிடம் பேசவும் தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டேன். மறுவருஷம் அந்த மாடலுக்குக் கார்பன் வருவது நின்றது. பெரிய கார்பனை வாங்கி உப்புத்தாளில் தேய்த்துப் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நாள் வந்தது. அப்புறம் வாங்கிய மிஷின்களுக்கு இத்தனை ஓய்வு தேவைப்படவில்லை. மூன்று ஜன்னலை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிலவேந்திரன் எப்போதாவது போன் செய்கிறான். பிள்ளைகள், மழை, அங்கே வெயில் என்று இரண்டு நிமிஷம். அப்புறம் அவனுக்கு டூட்டி வந்துவிடும்.