கழற்றிய வால்வு என் கையில் இருந்தது

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: அளந்து பார்த்தீர்களா? அதோடு பேச்சு நின்றுவிடும், பேசியவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தமும் வரும். எனக்கு அதில் கவலை இருந்ததில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துக் கட்டம் கட்டமாக டிக் போடுவதுதான் வேலை, வீட்டில் மளிகைச் சாமானைக்கூட எண் போட்டுத்தான் எழுதுவேன். எங்கள் சபையில் ஆவி என்றால் பரிசுத்த ஆவி மட்டும்தான். ஆகவே இதைச் சொல்வதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்களை நம்பச் சொல்லவில்லை, நடந்ததை நடந்த வரிசையில் வைக்கிறேன்.

சனிக்கிழமைகளில், பழைய கிட்டார் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, வாங்குகிறவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க என்னைக் கூட்டிப் போவார்கள். திருவனந்தபுரத்தில் பழையதாகக் கிடைப்பதில் பாதி ஹைப்ரிட், அதாவது முன்னால் ஒரு வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர். கிட்டாரின் சத்தம் முதலில் அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் போய்க் கொஞ்சம் உருண்டு, பிறகு டிரான்சிஸ்டரில் ஏறிப் பெரிதாகி வரும். விற்கிறவர் எல்லாரும் வால்வைத்தான் காட்டுவார்கள், ஆரஞ்சாக ஒளிரும், பார்க்க அழகு. சில மலிவு ஆம்ப்களில் அந்த வெளிச்சம் வால்வுக்கு அடியில் ஒட்டிய எல்.இ.டி. பல்பு, சத்தம் வால்வைத் தொடாமலே சுற்றிப் போய்விடும். அதைப் பிடிக்க என் பட்டியலில் ஒரு சோதனை உண்டு. ஆம்பை அணைத்து, வால்வைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஆம்பை மறுபடி ஆன் செய்ய வேண்டும். அப்போதும் கிட்டார் கேட்டால் வால்வு வெறும் வேஷம். ஊமையாகிவிட்டால் வால்வு உண்மை.

இன்னொரு பழக்கமும் சொல்ல வேண்டும். சோதனை முடிந்ததும், சேஸிஸ் என்கிற உள் உலோகப் பெட்டியின் நான்கு திருகுத் தலைகளிலும் மெரூன் நிற நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பேன். நான் பார்த்த பிறகு யாராவது திறந்தால் சொட்டு உடைந்துவிடும், பாகம் எதையும் மாற்றினால் மறைக்க முடியாது.

இரண்டேகால் வருடம் முன்பு அஜின் அண்ணனுக்காக ஒரு ஹைப்ரிட் பார்த்தேன். பெரியம்மா மகன், சபைப் பாடகர் குழுவில் கிட்டார். எந்தக் கிட்டாரை எடுத்தாலும் முதலில் ஒரு சின்ன ஓட்டம் வாசிப்பார், எட்டே சுரம், கடைசிச் சுரத்தில் மோதிர விரலால் தந்தியை மேலே வளைப்பார், அந்த விரல் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி வரும். "அஜினுக்க மோதிர விரல் பஸ்ஸை விட்டுட்டு பொறத்தால ஓடி வருது டே" என்று குழுவில் கேலி செய்வார்கள். அன்று அவர் அதை வாசித்தபோதே ஆம்ப் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. பட்டியலில் பதினேழு வரி. பதினைந்தாவது வரி, எர்த். பிளக்கின் பெரிய முனைக்கும் சேஸிஸுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கசியும் மின்சாரம் கிட்டார் தந்தி வழியாக வாசிப்பவர் உடம்பில் இறங்கும். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"போதும் பிள்ளே, அவரு அடைக்கப் போறாரு. எழுதி விடு" என்றார் அண்ணன்.

மீட்டர் பைக்குள் இருந்தது. ஜிப்பைத் திறக்கவில்லை. டிக் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, சபையில் அறுப்பின் பண்டிகைப் பாட்டுப் பயிற்சி. நானும் அங்கே இருந்தேன். அண்ணன் வழக்கமான ஓட்டத்தை வாசித்தபடி மைக்கில் ஏதோ சொல்ல வாயைக் கொண்டுபோனார். கடைசிச் சுரம் வரவில்லை. கை தந்திகளை விடவில்லை, யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகுதான் விட்டது. உயிர் பிழைத்தார். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. இருக்கின்றன, ஆனால் உணர்வு இல்லை, அசைவதில்லை, டம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது.

பழி, சபைக்கு மைக் செட் போடும் ஞானமுத்து அண்ணன் மேல் விழுந்தது. மழையில் அவர் லைனில்தான் கோளாறு என்றார்கள். எங்கள் சபை அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியது, பிறகு மற்ற சபைகளும். "ஆம்பு நம்ம பிள்ள பாத்து எழுதினது, அதுல ஒண்ணும் இருக்காது" என்று பெரியம்மா சொன்னபோது நான் அதே அறையில் வந்தவர்களுக்குச் சாயா கொடுத்துக்கொண்டிருந்தேன். மைக் லைனாகவும் இருக்கலாமே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த 'லாமே'யில்தான் இரண்டு வருடம் ஓட்டினேன். அஜின் அண்ணன் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை, விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை கிடைத்து அங்கேயே வீடெடுத்துப் போய்விட்டார்.

இந்த வருட மழைக்காலத்தில், கோவளத்தில் ஓட்டல் பேண்டில் வாசிக்கும் விபின் ஒரு ஆம்ப் பார்க்க என்னை ஆரியசாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனான். மிளகாய் வற்றல் மொத்தக் கடைக்கு மேலே, பழைய இசைக்கருவிகள் விற்கும் ஒரு மாடி. காலை பதினோரு மணி, நல்ல வெளிச்சம், கீழே லாரி இறக்கும் சத்தம். பயப்பட அங்கே எதுவுமே இல்லை, மிளகாய் நெடியில் வந்த தும்மலைத் தவிர.

"வா மோளே, ஆம்பைச் சூடாக்கி வச்சிருக்கேன், உடனே கேக்கலாம்" என்றார் கடை அண்ணாச்சி.

"அதுதான் தப்பு அண்ணாச்சி. அணைங்க. ஆறட்டும்."

"இதென்ன சாயாவா, ஆத்திக் குடிக்க?"

"சேச்சிக்கு எல்லாத்துக்கும் லிஸ்ட் உண்டு அண்ணாச்சி. கட்டப்போற சேட்டனுக்கும் பதினேழு டெஸ்ட் வச்சிருக்கும்" என்றான் விபின்.

நானும் சிரித்தேன். ஆறிய ஆம்பைப் போடும்போதுதான் பழுதுகள் வெளியே வரும், முன்கூட்டியே சூடாக்கி வைப்பது விற்கிறவர்களின் பழைய வித்தை. வழக்கம்போல போனை ஒலிப்பதிவில் போட்டு ஒரு பெட்டி மேல் வைத்தேன். ஆம்பைத் திருப்பினேன். மேலே சபை மெழுகுவர்த்தி உருகி விழுந்த வடு, கைமாறி இங்கே வந்திருக்கும் அஜின் அண்ணனின் ஆம்ப். பின்னால் நான்கு திருகுகளிலும் மெரூன் சொட்டு, நான்கும் உடையாமல்.

விபத்துக்குப் பிறகு எர்த்தை முதல் வரியாக்கியிருந்தேன். மீட்டர் வைத்தேன். தொடர்பு இருந்தால் பீப் என்று கத்தும். கத்தவில்லை. பிளக்கைப் பிரித்துப் பார்த்தேன், அங்கே எல்லாம் சரி. என் முத்திரையை நானே திருப்புளியால் உடைத்துச் சேஸிஸைத் திறந்தேன். ஹம் என்கிற ரீங்காரம் போகட்டும் என்று யாரோ எப்போதோ எர்த் வயரை வெட்டி, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் மேல் கனமாகப் பழைய தூசு. நான் முத்திரை வைத்த பிறகு யாரும் திறக்கவில்லை. அப்படியென்றால் நான் டிக் போட்ட அன்றே வயர் இப்படித்தான் இருந்தது. இதற்கு வேறு விடை கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

"ஒரு வயர் தானே மோளே, ஒட்டினா தீந்துது. டோனைக் கேளு டோனை" என்றார் அண்ணாச்சி.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று கேட்டால், பட்டியலை இந்த முறையாவது கடைசி வரை முடிக்க வேண்டும் என்று ஒரு கசப்பான பிடிவாதம் என்றுதான் சொல்ல முடியும். பெட்டியை மூடி, என் பையிலிருந்த கிளிப் வயரை எடுத்துச் சேஸிஸைச் சுவர் பிளக்கின் எர்த்தோடு இணைத்தேன். அரை நிமிட வேலை. அன்று எங்கள் எல்லாருக்கும் தேவைப்பட்டதும் இந்த அரை நிமிடம்தான்.

ஆம்பைப் போட்டேன். கிட்டார் இல்லாமல் ஹம் கேட்டேன், குறைவு. பென்சிலால் வால்வைத் தட்டினேன், கணகணவென்ற ஒலி இல்லை. குமிழ்களைத் திருப்பினேன், ஒன்றில் மட்டும் லேசாகக் கரகரப்பு. அணைத்து, கைக்குட்டையால் பிடித்து வால்வைக் கழற்றினேன், இளஞ்சூடாக உள்ளங்கையில் இருந்தது. முதலில் கிட்டார் இல்லாமல் இரைச்சலை மட்டும் கேட்கலாம் என்று, பதிவுக்காக வாய்விட்டு, "வால்வு வெளியே. ஆன்" என்று சொல்லி சுவிட்சைப் போட்டேன்.

விபினின் கிட்டார் உறைக்குள் இருந்தது, ஜிப் மூடி. ஆம்பில் கிட்டார் வயரே செருகவில்லை. அண்ணாச்சி கீழே யாரோ கூப்பிட்டு இறங்கியிருந்தார். விபின் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டித் தும்மிக்கொண்டிருந்தான்.

ஆம்ப் வாசித்தது.

எட்டு சுரம். அடியில் உருண்டு, நுனியில் கூர்மையாக, ஹைப்ரிடிலிருந்து அவ்வளவு நல்ல டோனை நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. அன்று வராத கடைசிச் சுரமும் வந்தது, வளைந்து மேலே ஏறியது, ஒரு மயிரிழை பிந்தி. பக்கத்து வீட்டு ரேடியோ, ஆம்ப் பிடித்த வானொலி அலை, என் மனப்பிரமை, நீங்கள் சொல்லப்போகும் எல்லாவற்றையும் நான் எழுதி ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன். மனப்பிரமை என்பதை நான் அடிக்கவில்லை, விபின் அடித்தான். திரும்பாமலே சொன்னான்:

"டோன் கொள்ளாமே சேச்சி, நல்லாருக்கு. ஆனா லாஸ்ட்ல வளைச்சது இச்சிரி லேட்டு, அல்லே?" பிறகு திரும்பி உறையைப் பார்த்தான், என் கையிலிருந்த வால்வைப் பார்த்தான். "யாரு வாசிச்சது?"

அவன் கிட்டாரை வாங்கி முறையாகச் சோதித்தேன். வால்வு போட்டால் சத்தம், கழற்றினால் ஊமை. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் ஊமை. வால்வு வேஷம் இல்லை. தாளில் 'வேண்டாம்' என்று எழுதினேன். டோன் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

வீட்டுக்குப் போய்ப் பதிவைக் கேட்டேன். "வால்வு வெளியே. ஆன்" என்று என் குரல். பிறகு மின்விசிறி, கீழே லாரி, விபினின் தும்மல். பதினொரு நொடி. அதன் பிறகு "டோன் கொள்ளாமே சேச்சி." இடையில் கிட்டார் இல்லை. இல்லாத ஒன்றுக்கு அவன் பதில் சொல்கிறான்.

மறுநாள் ஆராதனை முடிந்து விழிஞ்ஞத்துக்குப் போனேன். அஜின் அண்ணன் கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல் நாற்காலியைக் காட்டினார். மீட்டர் வைக்காமல் டிக் போட்டதைச் சொன்னேன். வெட்டிய வயரையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பிடிண்ணே?"

"பக்கத்துல தானே நின்னேன். நீ பையைத் தொறக்கல்ல. நான் தானே அடைக்கப் போறாருன்னு வெரட்டினேன். உன்னைச் சொன்னா என்னையும் சொல்லணும். அதான் மிண்டாம இருந்தேன். ரெண்டு பேருமா சேந்து ஞானமுத்து அண்ணனுக்க வயித்துல அடிச்சோம். அவருகிட்ட சொன்னியா?"

"இல்ல. முதல்ல உங்ககிட்ட."

"எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்ல பஸ் ஏறி வந்தியாக்கும். அவருகிட்ட போய்ச் சொல்லு."

"நீங்களும் வாங்கண்ணே."

"நான் வரல்ல."

கடைசியாகப் போனை மேசையில் வைத்து, ஆரியசாலையில் கேட்டதைச் சொல்லி, பதிவைப் போட்டேன். முழுவதும் கேட்டார். போனை என் பக்கம் தள்ளினார்.

"இதுல ஒண்ணும் இல்லியே. இப்பிடிக் கத சொன்னா நான் போகட்டும்னு விட்டுருவேன்னு நெனச்சியா? போ பிள்ளே."

ஞானமுத்து அண்ணனிடம் அடுத்த வாரம் தனியாகப் போனேன். ஒரு பிளாட் வாசலில் காவலாக இருக்கிறார். எல்லாவற்றையும் நின்றபடி கேட்டார். "ரெண்டு வருசம் ஆச்சே மக்களே" என்றார், ஒரு கார் வந்தது, கேட்டைத் திறக்கப் போய்விட்டார். சபைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் வாசிக்கவில்லை என்கிறார்கள்.

அஜின் அண்ணனிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சொன்னால் அவருடைய கையைக் கேலி செய்கிறேன் என்றுதான் எடுத்துக்கொள்வார். பதிவு ஓடும்போது அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இடது கை அதன் மேல் கிடந்தது. "வால்வு வெளியே. ஆன்" என்ற என் குரலுக்குப் பிறகு, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்ட அந்தப் பதினொரு நொடியில், விரல்கள் வேட்டித் துணியை ஒவ்வொன்றாக அழுத்தின. சுண்டு விரலும் அழுத்தியது. அவருக்கு அது தெரியவில்லை. நான் எண்ணினேன், எட்டு. விபினின் குரல் வந்ததும் கை பழையபடி செத்துக் கிடந்தது.

எட்டாவது அழுத்தம் மோதிர விரலுடையது. ஒரு மயிரிழை பிந்தித்தான் வந்தது.