முடிவையும் சொல்லிப்போட்ட புத்தகம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை வாசிக்க வேண்டும், எதை வாசிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். கச்சான் கடலை சுற்றி வந்த கடதாசிச் சரையை விரித்து வாசித்துவிட்டு, மீதிக் கதை யாருடைய கச்சானோடு போயிற்றோ என்று கவலைப்பட்டிருக்கிறேன். இப்போதும் அப்படித்தான். பொழுதுபட்டதும் சாமி விளக்கை ஏற்றி, தேவாரம் ஒன்று பாடி, திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தால், இராச்சாப்பாட்டு நேரம் வரை புத்தகம்தான்.

எங்கள் ஊரான அக்கராயனில் வாசிகசாலை பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த காணியில் இருக்கிறது. ஒரு மண்டபம், இரண்டு அலுமாரி, கொஞ்சம் பிளாஸ்டிக் கதிரைகள். யுத்தத்தில் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த பிறகு, கோயிலுக்கு அடுத்ததாகக் கூரை போட்ட கட்டடம் இதுதான். டவுன் நூலகத்திலிருந்து ஒரு பெட்டி புத்தகம் அனுப்புவார்கள். சில மாதம் கழித்து வான் வந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு பெட்டி வைத்துவிட்டுப் போகும். யாராவது வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பறிக்க மாட்டார்கள். அது எங்களோடு நிற்கலாம். பெட்டியில் சும்மா கிடப்பது போய்விடும்.

முழுநிலா விடுமுறையான போயா நாள் பின்னேரத்தில் வாசிக்கிற ஆட்கள் கூடுவோம். தான் வாசித்ததைப் பற்றி ஒவ்வொருவரும் நாலு வார்த்தை சொல்லி, விரும்பினவரின் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தை நடத்துவது முன்பள்ளி ரீச்சர். தபால்காரராக இருந்து பென்சன் எடுத்த அண்ணை ஒருவர் தவறாமல் வருவார். கொலை நடக்காத புத்தகத்தை அவர் தொடமாட்டார். எனக்குப் பக்கத்துக் காணித் தங்கச்சியும் வருவாள். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவள் எல்லாருடைய கதையையும் வாய் பிளந்து கேட்பாள், ஆனால் ஒரு புத்தகமும் எடுத்துக்கொண்டு போனதில்லை. கேட்டால், "கேக்குறதே போதும்க்கா" என்று சிரிப்பாள்.

அந்தப் பெட்டியில்தான் மட்டை கிழிந்த ஒரு நாவல் எனக்குக் கிடைத்தது. ஒரே வளவை இரண்டாகப் பிரித்து, நடுவில் வேலி போட்டு வாழ்கிற அக்கா தங்கையின் கதை. வேலிக்கு மேலாகச் சாய்ந்த முருங்கை மரத்தில் சண்டை தொடங்கி, கதை பேச்சு இல்லாமல் போய், பிள்ளைகளின் கலியாணம்கூட ஒருவருக்கொருவர் சொல்லாமல் நடக்கிறது. வயலுக்குப் பசளை எறிந்து முடிந்த கிழமை அதை வாசித்தேன். கடைசிப் பக்கம் வந்தபோது கண்ணீரால் எழுத்துத் தெரியவில்லை.

வாசித்து முடித்தவுடன் யாரோடாவது கதைக்க வேண்டும் போல் இருந்தது. வீட்டில் இருந்தவர் என் வீட்டுக்காரர், இவர்தான்.

"இஞ்சேருங்கோ, அக்காவும் தங்கச்சியும் அவ்வளவு வருசம் முகம் பாக்கேல்லை, தெரியுமோ?"

இவர் திடுக்கிட்டு எழும்பிவிட்டார். "ஆற்றை வீட்டிலை?"

"புத்தகத்திலை."

"சீ! நான் பயந்துபோனன்" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

ஒரு நல்ல புத்தகத்தை வாசித்துவிட்டுக் கதைக்க ஆள் இல்லாமல் இருப்பது, பொங்கல் பொங்கிவிட்டுத் தனியே இருந்து சாப்பிடுவது போலத்தான். அந்த அக்கா செய்தது சரியா பிழையா என்று எனக்குக் கதைக்க வேண்டும். அதற்கு இன்னொருவர் வாசிக்க வேண்டும். வரும் போயாவுக்கு அடுத்த போயாவில் பெட்டி போய்விடும் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. அதற்குள் அந்தப் புத்தகம் ஒருவரின் கைக்குப் போய்விட வேண்டும்.

வந்த போயாவுக்குப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போனேன். முதலில் தபாலண்ணை எழும்பினார். ஒரு பங்களா, ஒரு பிணம், பூட்டிய அறை. "பொலிஸ் வந்து கதவை உடைச்சுத் திறந்தால்..." என்று சொல்லிவிட்டு இருமினார். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"திறந்தால் என்னண்ணை?" என்று மூன்று பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வாசிச்சுப் பாருங்கோ" என்றார். அந்தப் புத்தகத்துக்கு அடிபிடி.

அடுத்தது நான். எங்கள் கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் பாட்டை ராகம் போட்டு வாசிப்பார், மற்றவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் என்றால் சும்மா பொருள் சொல்வது இல்லை. சூரன் எப்படி முழிசினான், தேவர்கள் எப்படி அழுதார்கள் என்று கண் முன்னே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பயன் சொல்கிறவர்களின் வரிசையில் கொஞ்சக் காலமாக எனக்கும் ஒரு நாள் தருகிறார்கள். எனக்குத் தெரிந்த கதை சொல்லும் விதம் அது ஒன்றுதான். ஆகவே நாவலுக்கும் பயன் சொன்னேன்.

அக்கா பிறந்ததிலிருந்து தொடங்கினேன். முருங்கைக்காய்ச் சண்டைக்கு இரண்டு குரலில் கதைத்தேன். தங்கை வருத்தம் வந்து படுத்ததை இருமியே காட்டினேன். பிறகு கடைசிக் காட்சி.

"விடியப்புறம். பனி கொட்டுது. அக்கா கையிலை கத்தியோடை வேலியடிக்கு வாறா. கட்டு ஒவ்வொண்டா அறுக்கிறா. வேலிக் கதியாலைப் பிடுங்கி எறியிறா. வேலியிலை ஆள் நுழையிற பொட்டு ஒண்டு வருது. அந்தப் பொட்டுக்குள்ளாலை குனிஞ்சு போய், தங்கச்சியைக் கட்டிப்பிடிச்சு அழுகிறா!"

மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. ரீச்சர் கண் துடைக்க லேஞ்சி எடுத்தா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. புத்தகத்தை உயர்த்திப் பிடித்தேன். "ஆர் எடுக்கிறியள்?"

ஒருவரும் கை நீட்டவில்லை.

"பிள்ளை, இனி என்னத்தை எடுக்கிறது?" என்றார் தபாலண்ணை. "முழுசையும் சொல்லிப்போட்டாய். எனக்கு இப்ப வாசிச்சு முடிச்ச களைப்பு."

"அன்ரி, கொஞ்சம் சொல்லி ஆசை காட்டிப்போட்டு நிப்பாட்ட வேணும்" என்று ரீச்சர் சிரித்தா.

"கோயில்லை அப்பிடி நிப்பாட்டினால் சனம் விடுமே? சூரனுக்கு என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் வருசா வருசம் வந்து கேக்கினம்தானே! முடிவு தெரிஞ்சால் என்ன?"

"அது சாமி காரியம்" என்றார் தபாலண்ணை. "கொலைகாரன் ஆர் எண்டு தெரிஞ்சாப் பிறகு நான் என்னத்துக்குப் பக்கம் புரட்டுவான்?"

"இதிலை கொலையே இல்லையண்ணை!"

"அப்ப இன்னும் கரைச்சல்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் புத்தகத்தைத் திரும்பப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. என் வாயாலேயே அதைக் கெடுத்துவிட்டேனே! வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளையாரிடம், "அப்பனே, ஒருத்தர், ஒரேயொருத்தர் அதை எடுத்தால் தேங்காய் உடைக்கிறன்" என்று சொன்னேன். இவரிடம் சொன்னபோது, "பிள்ளை வரம், நெல் விளைச்சல், வருத்தம் மாற எண்டு சனம் நேர்த்தி வைக்கும். புத்தகத்துக்கு நேர்த்தி வைச்ச ஆள் உலகத்திலை நீர் ஒராள்தான்" என்றார்.

அடுத்த நாள் காலை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு காணிக்கும் நடுவில் இருக்கிற வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்துக் காணித் தங்கச்சி தலையை நீட்டினாள்.

"அக்கா, அந்த அக்கா தங்கச்சி பொஸ்தகம் பொட்டியிலதான் இருக்கா?"

என் கையிலிருந்த விளக்குமாறு விழுந்தது. "நீ எடுக்கப்போறியே? முடிவுதான் தெரியுமே உனக்கு!"

"அதனாலதான்க்கா. முடிவு தெரியாம வாசிச்சா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும், சோறு தீஞ்சு போயிரும். ஒருக்கா அப்படித்தான் ஒரு கதைய எடுத்து, புருசன் பட்டினி கெடந்தாரு. அதோட விட்டுட்டேன். இது நல்லபடியா முடியுதுன்னு நீங்க சொன்னீங்கள்ல? தைரியமா வாசிக்கலாம்."

இத்தனை நாளாக அவள் புத்தகம் எடுக்காத காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முற்றம் பாதி கூட்டியபடி கிடக்க, ரீச்சர் வீட்டில் வாசிகசாலைத் திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து, புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை தேங்காயும் உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது.

அவள் ஆறுதலாக, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தாள். மாட்டுக்குப் புல் வெட்டப் போகும்போது வேலியடியில் நின்று நிலவரம் சொல்லிவிட்டுப் போவாள். "இன்னைக்கு முருங்கக்கா சண்டைக்கா. தங்கச்சி மேலதான் தப்பு." "இல்லையடி, மூத்தவ விட்டுக்குடுக்க வேணும்." "மூத்தவன்னா மட்டும் ஏமாளியா?" இப்படி நின்று கதைத்ததில் அவளுடைய மாடு என் கத்தரிக் கன்றைக் கடித்ததுகூட இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

ஒரு மத்தியானம் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா! இப்படி ஏமாத்திட்டீங்களே!"

"என்னடியம்மா?"

"கட்டிப் புடிக்கவே இல்லையே!"

கடைசிப் பக்கத்தை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். விடியப்புறம், பனி, சரி. அக்கா கத்தியோடு வேலியடிக்கு வருகிறா, சரி. அந்தப் பக்கம் தங்கை இருமுகிற சத்தம் கேட்கிறது. அக்கா ஒரு கதியாலில் கையை வைக்கிறா. அவ்வளவுதான். பக்கத்தைப் புரட்டினேன், வெறும் வெள்ளைத்தாள். இடையில் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று தையலைத் தடவிப் பார்த்தேன். கிழியவில்லை.

பொட்டும் இல்லை, குனிந்து போனதும் இல்லை, கட்டிப்பிடித்ததும் இல்லை. கண்ணீரோடு வாசித்ததில் மீதியை நானே சொல்லி முடித்திருக்கிறேன். பயன் சொல்லிப் பழகியவளுக்கு எது எழுத்து, எது தன் வாய்ச்சொல் என்று பிரிவதில்லை போலும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அக்காவின் குனிந்த முதுகை நான் கண்டது மாதிரியே இருந்தது.

"அவ வேலி அடைக்க வந்தவக்கா" என்றாள் தங்கச்சி. "பழைய கட்ட வெட்டிட்டு புதுசா இறுக்கிக் கட்ட. கத்தி வேற எதுக்கு?"

"கூடப்பிறந்தவ இருமுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வேலியை இறுக்குவாளே? உனக்கு மனம் கல்லே?"

"அவ மனசு கல்லுன்னு பொஸ்தகம் முழுக்க எழுதியிருக்கே!"

வெயிலில் நின்று சண்டை பிடித்தோம். கடைசியில் அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். "முடிவு தெரிஞ்சுதான் வாசிக்கிறேன்னு நெனச்சேன். பாத்தா தெரியாமத்தான் வாசிச்சிருக்கேன். சோறு தீயவே இல்லக்கா!"

அவள் சிரித்தாலும், அன்றைக்கு என் வார்த்தையை நம்பி லேஞ்சி எடுத்தவர்களை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த போயா வந்தது. நூலகத்து வானும் வாசலில் வந்து நின்றது. பெட்டியைத் தூக்குவதற்கு முதல் நான் எழும்பினேன்.

"போன முறை நான் ஒரு முடிவு சொன்னனான். அது புத்தகத்திலை இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கதிரையில் சரிந்து கிடந்த தபாலண்ணை நிமிர்ந்தார். "அப்ப என்ன முடிவு?"

நான் வாயைத் திறக்க, தங்கச்சி பின்னாலிருந்து என் சீலையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லிராதீங்கக்கா!"

"கத்தியோடை வந்தது பொய்யோ?" என்று கேட்டார் தபாலண்ணை.

"கத்தி உண்மை."

"கத்தி உண்மை... ஆனால் கட்டிப்பிடிக்கேல்லை." எழும்பி வந்து தங்கச்சியின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கியே விட்டார். ரீச்சர், "அடுத்தது நான்" என்றா. அதற்குப் பிறகு யார் யார் என்று அங்கேயே ஒரு வரிசை உண்டாயிற்று. வான் பெட்டியை ஏற்றிக்கொண்டு போக, அக்காவும் தங்கையும் அக்கராயனில் நின்றுவிட்டார்கள்.

தபாலண்ணை வாசித்துவிட்டு, கத்தி கொண்டுவந்தது கொலைக்குத்தான் என்று சாதித்தார். ரீச்சர், எழுதினவர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார், யோசிக்கிறது எங்கள் வேலை என்றா. இந்தச் சண்டை வாசிகசாலையிலிருந்து தேத்தண்ணிக் கடைக்குப் போய், அங்கே ஒருநாள் இவருடைய காதிலும் விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுக் கேட்டார். "அது எந்த மாதம் எண்டு போட்டிருக்கே?"

"எது?"

"அந்த அக்கா கத்தியோடை வந்தது. மாரி மழைக்கு முந்தி எண்டால் வேலி அடைக்கத்தான் வந்திருப்பா. பனி கொட்டுது எண்டால் மார்கழி, தை. அப்ப ஆர் வேலி அடைக்கிறது? இது தெரியாமல் படிச்ச சனமெல்லாம் கதைக்குதுகள்."

கைமாறிக் கைமாறி என்னிடமே திரும்பி வந்திருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினேன். கடைசிப் பக்கத்தில் மாதம் இல்லை. அதைத் தேடி முன் பக்கத்துக்குப் போனார். அங்கேயும் இல்லை. இன்னும் முன்னுக்குப் போனார். கலண்டரில் நல்ல நேரம் பார்ப்பதைத் தவிர வேறெதையும் வாசித்து நான் காணாத மனிதர், என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதலாம் பக்கத்துக்கே வந்துவிட்டார். தேத்தண்ணி வைத்தேன், ஆறிப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், "அந்த மூத்தவ இருக்கிறாவே, கடைசியிலை அவ..." என்று தொடங்கினேன்.

"இஞ்சேரப்பா, முடிவைச் சொல்லாதையும்!"

"முடிவு உங்களுக்குத் தெரியும்தானே. ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சால் என்ன? நான் இன்னும் அங்கை போகேல்லை" என்றார்.

நான் குசினிக்குத் திரும்பி அடுப்பை மூட்டினேன். பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய் என்று மனதுக்குள் நினைத்து முடிக்கவில்லை, அதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சை ஒருக்கா வாரும். இந்த முருங்கையின்ரை அடிமரம் ஆற்றை பக்கத்திலை நிண்டது?"

அடுப்பைத் தணித்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.