மூன்று பேருக்கு வெற்றிலை வைத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் மைதானத்தில் மூன்று விசில்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன.

பையன்கள் பதினோரு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். யார் சொல்வதைக் கேட்பது? ஒரு ஃபுட்பால் டீமுக்கு மூன்று மேனேஜர்! மூவரையும் பிடித்துப் போட்ட புண்ணியவான் பக்கத்து வயல் மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான்.

நான்தான்.

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிளப்புக்கு நான் செயலாளர். கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிப்பேன் என்பது மட்டுமே தகுதி. பந்துக்கும் எனக்கும் நடந்த சந்திப்பு ஒன்றே ஒன்று. போன பொங்கல் டோர்னமென்ட்டைத் தொடங்கி வைக்கச் சொன்னார்கள். ஓடி வந்து உதைத்தேன். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. செருப்பு பறந்துபோய் கோலுக்குள் விழுந்தது. அப்படி ஒரு கைதட்டலை இந்த ஊர் பார்த்ததில்லை.

இந்த நிலையில் பழைய மேனேஜருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்பிவிட்டார். கிளப் தலைவர் போன் செய்தார். ரைஸ் மில் வைத்திருப்பவர், அதிகம் பேச மாட்டார்.

"ஞாயித்துக்கிழமை டோர்னமென்ட் ஃபாரம் குடுக்கணும். மேனேஜர் கையெழுத்து இல்லாம வாங்க மாட்டாங்க. ஆள் கெடைக்கலைன்னா நீங்களே மேனேஜரா இருந்துடுங்க."

நானா? செருப்பை விட்ட நானா?

அன்று சோறு இறங்கவில்லை. ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன். மோர் சாதம் இல்லாமல் நான் எழுந்ததைப் பார்த்துத்தான் வீட்டில் விஷயத்தின் தீவிரம் புரிந்தது.

கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்ததில் மூன்று பேர் தேறினார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். அன்று பார்த்து என் மனைவி தங்கையைப் பார்க்கச் சுவாமிமலைக்குப் போய்விட்டாள். எனக்குக் காபி போட வராது. வந்தவர்களைச் சும்மா அனுப்பினால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்களே... பதறிப்போய்க் கொல்லையில் வெற்றிலை பறித்து, பாக்கு, பழம் வைத்துத் தட்டைத் தயார் செய்தேன். பஸ் செலவுக்கு இருக்கட்டும் என்று மேலே ஒரு நோட்டு.

முதலில் ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் தங்கையன்.

"மூணு மாசத்துக்குப் பந்தைக் கண்ணுலயே காட்ட மாட்டேன். ஓட்டம்தான்!"

"சார், பொங்கலுக்கு ரெண்டு மாசம்தானே இருக்கு?"

"அப்ப மேட்ச்லயும் பந்தைப் பாக்க வேணாம்."

தட்டை நீட்டினேன். முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்து குமரேசன். துபாய் ஸ்டேடியத்தில் பத்து வருஷம் இருந்தவர்.

"என்ன வேலை தம்பி?"

"ஏசி மெக்கானிக்ணே. ஆனா எல்லா மேட்ச்சையும் மேலேருந்து பாத்திருக்கேன். மேலேருந்து பாத்தாத்தான் ஃபார்மேஷன் புரியும்."

சொன்னதோடு விடவில்லை. தட்டிலிருந்த பாக்கை எடுத்து நாலு, மூணு, மூணு என்று தரையில் அடுக்கிக் காட்டினார். போகும்போது கோல்கீப்பரை வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது, நடவு ஆட்களைக் கூட்டி வரும் செல்வி. இது மனைவியின் சிபாரிசு. "இருபது பேரைக் கட்டி மேய்க்கிறாங்க. உங்க பசங்க பதினொண்ணுதானே?"

செல்வி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "பந்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். ஆனா ஆறு மணின்னா ஆள் நிக்கும். நிக்கலைன்னா அவன் வீட்டு வாசல்ல நான் நிப்பேன்."

எங்கள் டீமின் வியாதியே அதுதான். ஆறு மணி பிராக்டிஸுக்கு ஏழரைக்குத்தான் முதல் கொட்டாவி வந்து சேரும்.

மூவரில் யார் சிறந்தவர்? சத்தியமாகச் சொல்கிறேன், மூவருமே. நான் இல்லாத எவராக இருந்தாலும் சரி என்று தேடும்போது எல்லோருமே மேதைகளாகத் தெரிகிறார்கள். கமிட்டி போட்டு ஆள் எடுக்கிற எத்தனை இடங்களில் இந்தக் கூத்து நடக்கிறதோ?

மாலையில் மனைவி திரும்பி வந்தாள். கொல்லைப்பக்கம் போனவள் அங்கிருந்தே கேட்டாள்.

"கொடியில ஒரு வெத்தலையக்கூடக் காணோமே?"

"வந்தவங்களுக்கு வச்சுக் குடுத்தேன்."

"பணத்தோடயா? எத்தனை பேருக்கு?"

"மூணு பேருக்கும்..."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கம் தவில்காரரோ, சமையல்காரரோ, நடவு ஆளோ, வெற்றிலையில் பணம் வைத்துக் கொடுத்தால் வேலை உறுதி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது. இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த மூன்று விசில்கள். பையன்கள் ஆறு மணிக்கே வந்து நின்றது செல்வியின் கைங்கரியம். அதனால்தான் அந்த மோட்டார் ஷெட்.

தலைவர் நேராக ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"வெளில வாங்க. வேட்டி தெரியுது."

"தலைவரே, வெத்தலைய எப்படியாவது திருப்பி வாங்கிட முடியாதா?"

"மூணு பேரும் மென்னு துப்பியாச்சு." கொஞ்சம் யோசித்தார். "மூணு பேரும் கோச்சா இருக்கட்டும். ஆனா ஃபாரத்துல கையெழுத்து ஒண்ணுதான். மூணு பேருக்கும் நடுவுல நிக்க ஒரு ஆள் வேணும். வெத்தலை வச்சவரே நில்லுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் செல்வி.

"சார், மேனேஜரே மொத நாள் லேட்டு. மணி ஆறேகால்."

"லேட்டா வந்தா ரெண்டு ரவுண்டு!" என்றார் தங்கையன் மாஸ்டர். குமரேசன் என் ஓட்டத்தை மேலேயிருந்து பார்ப்பதற்காக மோட்டார் ஷெட் மீது ஏறிக்கொண்டார்.

ஓடி முடித்து, மூச்சு வாங்க ஃபாரத்தை நிரப்பினேன். 'மேனேஜரின் முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். பிறகு பொய் கலக்காமல் எழுதினேன்: 'ஒரு கோல்.'

செருப்பைப் பற்றி எழுத இடம் போதவில்லை.